‘மே ஐ கோ, மிஸ்?’: குழந்தைகளுக்குப் பதிலை மட்டும் சொல்லிக்கொடுத்தா போதுமா?

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ரெண்டாவது, மூணாவது படிக்கிற வாண்டு யாராவது இருந்தா கூப்பிடுங்க. “வாட் இஸ் யுவர் நேம்?”னு கேளுங்க. பட்டுனு பதில் வரும். “ஹவ் ஆர் யூ?”னு கேளுங்க. “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ”னு ராகம் போட்டு வரும். அடுத்து “ஹவ் ஓல்ட் ஆர் யூ?”னு கேட்டுப் பாருங்க. நிறைய பசங்க அதுக்கும் “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ”தான் சொல்லுவாங்க. “ஹவ்”னு ஆரம்பிச்சா இதுதான் பதில்னு மனசுல பதிஞ்சு போயிருக்கு. கடைசியா, “இப்ப நீ என்னை இங்கிலீஷ்ல ஏதாவது கேளு”ன்னு சொல்லுங்க. பேச்சே வராது.

எங்க தொழில்ல இதை ஹார்ட்கோட் பண்றதுன்னு சொல்லுவோம். இந்தக் கேள்வி வந்தா இந்தப் பதில்னு ஒரு பட்டியல் போட்டு வச்சிட்டா டெமோ அருமையா ஓடும். கேள்வியில ஒரு வார்த்தை மாறினா மொத்தமும் படுத்துடும். நம்ம பிள்ளைகளோட ஸ்போக்கன் இங்கிலீஷ் பெரும்பாலும் இப்படி டெமோவுக்குத் தயார் பண்ணின நிலையிலதான் இருக்கு. விருந்தாளி வந்தா ஓடிக் காட்டும்.

சனி, ஞாயிறு சாயங்காலம் எங்க தெருப் பசங்க ஏழெட்டுப் பேரோட மொட்டை மாடியில உட்கார்றது எனக்கு வழக்கம். 2021-ல கொரோனா காலத்துக்குப் பிறகு தமிழக அரசு தொடங்கின இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல தன்னார்வலரா இருந்தவங்க, தங்கச்சி தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கறவங்கன்னு உங்கள்லயும் சில பேர் இதைச் செய்யறீங்க. அதனால இந்த எபிசோடு ஒரே ஒரு விஷயத்தைப் பத்தி: குழந்தைக்கு ஆங்கிலத்துல பதில் சொல்லப் பழக்கறதைவிட கேள்வி கேட்கப் பழக்கறது ஏன் கஷ்டம், அதை எப்படிச் செய்யலாம்.

முதல்ல கஷ்டம் எங்க இருக்குன்னு பார்க்கலாம். குழந்தைக்கு மூளை போதலை, கவனம் இல்லைங்கறதெல்லாம் அப்புறம். ரெண்டு மொழிகளும் கேள்வியைக் கட்டுற விதமே வேற.

தமிழில் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம்னு நாம யோசிச்சே பார்த்திருக்க மாட்டோம். “நீ நேத்து கடைக்குப் போன.” இதோட கடைசியில ஒரு ‘ஆ’ சேர்த்தா “போனியா?”. வேலை முடிஞ்சது. எந்த வார்த்தையும் இடம் மாறலை. அதைவிட அழகு, எந்த வார்த்தை மேல சந்தேகமோ அதுமேலயே அந்த ‘ஆ’வைக் கொண்டுபோய் ஒட்டிடலாம். “நீயா நேத்து கடைக்குப் போன?” “நீ நேத்தா கடைக்குப் போன?” “நீ நேத்து கடைக்கா போன?” மூணுக்கும் அர்த்தம் வேற வேற. ஒரே ஒரு எழுத்துல இவ்வளவு நடக்குது.

ஆங்கிலத்துல கேள்வின்னா வாக்கியத்தையே கலைச்சு அடுக்கணும். “யூ ஆர் ரெடி” என்பது “ஆர் யூ ரெடி?” ஆகணும். இதையாவது சமாளிக்கலாம், ரெண்டு வார்த்தை இடம் மாறுது, அவ்வளவுதான். ஆனா “யூ லைக் மேங்கோஸ்”ல இடம் மாத்த ‘ஆர்’ இல்லை, ‘கேன்’ இல்லை. அப்போ எங்கிருந்தோ ‘டூ’ன்னு ஒரு வார்த்தையை வாடகைக்குக் கூட்டிட்டு வந்து முன்னாடி நிறுத்தணும். “டூ யூ லைக் மேங்கோஸ்?” இங்க அந்த ‘டூ’வுக்கு என்ன அர்த்தம்னு ஒரு குழந்தை கேட்டா நேர்மையான பதில், “ஒண்ணும் இல்லை”. அது அங்க நிக்கறதுக்காகவே நிக்குது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்துல ‘டூ’ இல்லாமலும் கேட்டாங்க, ‘டூ’ போட்டும் கேட்டாங்க. பிறகு ‘டூ’ ஜெயிச்சிடுச்சு. நாம படிக்கிறது ஜெயிச்ச பிறகு வந்த ஆங்கிலம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. “உன் பேர் என்ன?” இதுல வினைச்சொல் எங்க? கிடையாது. “என் பேர் கவிதா”ன்னு சொன்னாலும் கிடையாது. தமிழுக்கு அங்க ‘இஸ்’ தேவையே இல்லை. அதனால ஒரு பையன் “வாட் யுவர் நேம்?”னு கேட்டா அவன் சோம்பேறித்தனமா ஒரு வார்த்தையை விடலை. சுத்தமான தமிழ் இலக்கணத்துல, ஆங்கில வார்த்தைகளை வச்சு, சரியாத்தான் கேட்டிருக்கான். “வேர் யூ ஆர் கோயிங்?”கும் அதே கதைதான். “நீ எங்க போற?”ல எதுவும் தலைகீழாகாதப்போ அங்க மட்டும் ஏன் ஆகணும்?

ஆங்கிலமே தாய்மொழியா இருக்கற குழந்தைகளும் இந்த வழியாத்தான் வராங்க. 1960-களில் ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் அவரோட குழுவும் ஆடம், ஈவ், சாரா என்று பெயரிடப்பட்ட மூணு குழந்தைகளோட பேச்சைப் பல மாதங்களாப் பதிவு செஞ்சு ஆராய்ந்தாங்க. குழந்தைகள் முதல்ல குரலை மட்டும் ஏத்திக் கேட்பாங்க. பிறகு கேள்வி வார்த்தையை முன்னாடி வச்சிட்டு மீதியை மாத்தாமலே விட்டுடுவாங்க. வார்த்தைகள் இடம் மாறுவது அதுக்கும் அப்புறம்தான் வருது. “டிட் யூ வென்ட்?” மாதிரி இறந்தகாலத்தை ரெண்டு தடவை போடறதையும் தாய்மொழிக் குழந்தைகள்கிட்டயே பார்க்கலாம். ரெண்டாவது மொழியா ஆங்கிலம் கத்துக்கறவங்களும் கிட்டத்தட்ட இதே வரிசையிலதான் படி ஏறுறாங்கன்னு மான்ஃப்ரெட் பீனமான் போன்ற மொழியியலாளர்கள் பிறகு காட்டினாங்க. அதனால மூணாவது படிக்கிற பிள்ளை “வேர் யூ ஆர் கோயிங்?”னு கேட்டா அதை நான் சந்தோஷமான செய்தியாத்தான் எடுத்துப்பேன். பாதிப் படி ஏறியாச்சு.

சரி, இது ஏன் முக்கியம்? பதில் சொல்லத் தெரிஞ்சா போதாதா?

எங்க தெருவுல இஸ்திரி வண்டி வச்சிருக்கற அக்காவோட பொண்ணு அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஆறாவதுல இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தாங்க. நல்லா படிக்கிற பொண்ணு. சேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு சயின்ஸ் நோட்டைப் பார்த்தா ‘எவாப்பரேஷன்’னு இருபது இடத்துல அழகா எழுதியிருக்கு. அது என்னன்னு தெரியாது. “மிஸ்கிட்ட கேட்கலையா?”ன்னேன். “எப்படிண்ணா கேட்கறது?”னா. தமிழ்ல கேட்டா வகுப்புல சிரிப்பாங்கன்னு பயம், இங்கிலீஷ்ல கேட்கத் தெரியாது. ஈரத்துணி காயறதை தினமும் வாசல்ல பார்க்கிற பொண்ணு அவ. “வாட் டஸ் திஸ் மீன், மிஸ்?”ங்கற ஒரே வாக்கியம் கையில இல்லாததால ரெண்டு மாசப் பாடம் காதுக்கு வெளியிலயே நின்னுடுச்சு. கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் புரியலைங்கறது யாருக்கும் தெரியவே தெரியாது. பரீட்சை பேப்பர்லதான் தெரியும்.

அதனால முதல் சில வாக்கியங்களை நான் கூச்சமே இல்லாம மனப்பாடம் பண்ண வைக்கறேன். ஹார்ட்கோட் பண்ணாதேன்னு சொல்லிட்டு இவனே பண்றானேன்னு நினைக்கலாம். தீயணைப்புக் கருவியை யாரும் ஒவ்வொரு தடவையும் புதுசா கண்டுபிடிக்கறதில்லை, சுவத்துல மாட்டித்தான் வைக்கணும். “வாட் டஸ் திஸ் மீன்?” “கேன் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?” “ஹவ் டூ யூ சே திஸ் இன் இங்கிலீஷ்?” இந்த மூணும், கூடவே “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்”. இலக்கணம் எதுவும் விளக்க வேண்டாம். ஒரே வார்த்தை மாதிரி முழுசா வாயில ஏறட்டும். மாடியில நான் வேணும்னே கஷ்டமான வார்த்தை ஒண்ணைப் போட்டுப் பேசுவேன். யாராவது “வாட் டஸ் தட் மீன், அண்ணா?”னு மடக்கினாதான் அடுத்த வரிக்குப் போவேன். இப்பல்லாம் மடக்கறதுக்காகவே காத்துட்டு இருக்காங்க.

இங்க ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? தமிழ்நாட்டுல எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், எவ்வளவு சுமாரா படிக்கிற பிள்ளையும், ஒரு ஆங்கிலக் கேள்வியை வார்த்தை வரிசை தப்பாம கேட்கும். “மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்?” அதுக்கு அண்ணன், “மே ஐ கம் இன், மிஸ்?” ரெண்டுலயும் வார்த்தை இடம் மாறிச் சரியா நிக்குது. இதுக்கு யாரும் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கலை. அந்தக் கேள்விக்குப் பதில் அவசரமாத் தேவைப்படுது, ஆமாவா இல்லையான்னு குழந்தைக்கு நிஜமாவே தெரியாது. எனக்கு இது பெரிய துப்பு. ‘மே ஐ’ வாயில இருக்கும்போது ‘கேன் ஐ’க்கு நகர்றது ஒரு அடிதான். “கேன் ஐ டேக் திஸ்?” “கேன் ஐ சிட் ஹியர்?” அங்கிருந்து “கேன் யூ?” மாடியில கலர் பென்சில் டப்பா என் மடியில இருக்கும், கேட்டாதான் கிடைக்கும்.

பள்ளிக்கூடத்துல நடக்கற கேள்வி பதிலை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. பேனாவைத் தூக்கிக் காட்டி “வாட் இஸ் திஸ்?”. கேட்கறவருக்கும் பதில் தெரியும், சொல்றவனுக்கும் தெரியும், கேட்கறவருக்குத் தெரியும்னு சொல்றவனுக்கும் தெரியும். மொழி ஆய்வாளர்கள் இதை ‘டிஸ்ப்ளே’ கேள்வின்னு சொல்றாங்க, காட்சிக்கு வச்ச கேள்வி. முதல் வாரத்துக்கு இது வேணும், வார்த்தை பழகணுமே. ஆனா வருஷம் முழுக்க அதையே கேட்டா, கேள்வின்னாலே பரீட்சைதான்னு குழந்தை முடிவு பண்ணிடும்.

இதுக்கு மாத்து வழியைப் பெரிய அளவுல முயற்சி பண்ணினவர் நம்ம பக்கத்துல இருந்தவர்தான். என்.எஸ். பிரபு. சென்னையில பிரிட்டிஷ் கவுன்சில்ல வேலை பார்த்தவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கணப் பாடத்தை ஓரமா வச்சிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி நிஜப் பொருட்களைக் கொடுத்து, அதுல இருக்கற சிக்கலை ஆங்கிலத்துல தீர்க்கச் சொன்னாங்க. உலகம் முழுக்க இதை ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’னு சொல்லுவாங்க. கவனம் அர்த்தத்து மேல இருக்கும்போது இலக்கணம் பின்னாடியே வந்து சேரும் என்பது அவரோட எண்ணம். ஒரு இடத்துல நான் அவர்கிட்ட இருந்து விலகறேன். பசங்களை ஜோடி ஜோடியா பேச விடறதுல அவருக்கு அவ்வளவு விருப்பம் இல்லை, ஒருத்தர் தப்பு இன்னொருத்தர்கிட்ட ஊறிடும்னு கவலைப்பட்டார். அந்தக் கவலை நியாயம்தான். ஆனா வாத்தியாரே எப்பவும் கேட்டுட்டிருந்தா பிள்ளை எப்ப கேட்கறது?

எங்க மாடியில அதிகம் ஓடற ஆட்டம் ரயில் ஆட்டம். பீச்–தாம்பரம் மின்சார ரயில் வழித்தடத்தை ரெண்டு தாள்ல எழுதுவேன். ஒரு தாள்ல சைதாப்பேட்டை இருக்கும், கிண்டி இருக்காது. இன்னொண்ணுல கிண்டி இருக்கும், பரங்கிமலை இருக்காது. இப்படி மாத்தி மாத்தி ஓட்டை. ரெண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ஞ்சு உட்காரணும், தாளைக் காட்டக் கூடாது. “வாட் கம்ஸ் ஆஃப்டர் சைதாப்பேட்டை?” “கிண்டி.” “வாட் கம்ஸ் பிஃபோர் பழவந்தாங்கல்?” “பரங்கிமலை.” பதில் ஒத்தை வார்த்தை, கேள்வி முழு வாக்கியம். பாரத்தை அந்தப் பக்கம் மாத்தினதுதான் இந்த ஆட்டத்தோட சூட்சுமம். இந்தக் கேள்வியில ‘டூ’வும் வேண்டாம், இடம் மாத்தவும் வேண்டாம்கறதால சின்னப் பிள்ளைகளுக்கும் சுலபம். கொஞ்சம் பழகினதும் “டஸ் திஸ் ட்ரெயின் ஸ்டாப் அட் குரோம்பேட்டை?”னு ஏத்திக்கலாம். யாருக்கு எந்த ஸ்டேஷன் தெரியும்ங்கற சண்டையில இங்கிலீஷ் பேசறோம்ங்கற நினைப்பே போயிடும்.

அப்புறம் பழைய இருபது கேள்வி விளையாட்டு. ஒருத்தர் மனசுல ஒரு பொருளை நினைச்சுக்கணும். “இஸ் இட் அன் அனிமல்?” “கேன் வீ ஈட் இட்?” “டஸ் இட் ஹேவ் லெக்ஸ்?” ‘இஸ்’, ‘கேன்’, ‘டஸ்’னு மூணு குடும்பமும் தானா வந்துடுது. பதிலும் ஒரு பாடம். தமிழ்ல “சாப்பிட்டியா?”ன்னா “சாப்பிட்டேன்”னு வினையையே திருப்பிச் சொல்லுவோம். ஆங்கிலத்துல எது முன்னாடி வந்ததோ அதையே திருப்பித் தரணும்: “இஸ் இட்?”னா “இட் இஸ்”, “கேன் வீ?”னா “வீ கேன்”. முன்னாடி வந்த ஆளையே பதில்லயும் அனுப்பு, இந்த ஒரு விதியைத்தான் சொல்லிக்கொடுக்கறேன். “டோன்ட் யூ லைக் இட்?” மாதிரி எதிர்மறைக் கேள்வியைச் சின்னப் பசங்ககிட்ட தவிர்த்துடுங்க. “சாப்பிடலையா?”ன்னா நாம “ஆமா, சாப்பிடலை”ன்னும் சொல்லுவோம், “இல்லை”ன்னும் சொல்லுவோம். ஆங்கிலத்துல ‘யெஸ், ஐ டிடின்ட்’னு சொன்னா எதிர்ல இருக்கறவர் முழிப்பார். பெரியவங்களுக்கே ஆபீஸ் கால்ல குழப்பற விஷயம் அது.

பெரிய பிள்ளைகளுக்கு சர்வே. நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு தெருவுல இறங்கி “டூ யூ ட்ரிங்க் டீ ஆர் காஃபி?”னு பத்துப் பேரைக் கேட்டு கோடு போட்டுட்டு வரணும். டீக்கடை அண்ணனுக்கு ‘டீ, காஃபி’ ரெண்டு வார்த்தை புரிஞ்சா போதும், பதில் வந்துடும். பத்தாவது ஆள்கிட்ட கேட்கும்போது அந்த ‘டூ’ தானா ஒட்டிக்கும். இஸ்திரி அக்கா “டீ”ன்னு சொல்லிட்டு, “அது என்னடி நடுவுல டூ டூன்னு?”ன்னு திருப்பிக் கேட்டாங்களாம். நியாயமான கேள்வி.

சொல்லிக்கொடுக்கற நம்ம பக்கம் மாத்திக்க வேண்டியது மூணு விஷயம்னு நினைக்கறேன். முதல்ல காத்திருக்கறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தப்போ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சது. அதை மூணு நொடி ஆக்கினா பதில்கள் நீளமாச்சு, மாணவர்களே கேட்கற கேள்விகளும் கூடிச்சு. மூணு நொடி ரொம்பப் பெருசு மக்களே. இந்த எபிசோடுல அவ்வளவு மௌனம் வந்திருந்தா எடிட்டிங்ல நானே வெட்டித் தூக்கியிருப்பேன். மாடியில வெட்ட முடியாது. விரலை மடக்கி எண்ணுங்க.

ரெண்டாவது, “முழு வாக்கியத்துல பதில் சொல்லு”ங்கற அதிகாரம். “வேர் டூ யூ லிவ்?”னு கேட்டா “வேளச்சேரி” என்பது நல்ல ஆங்கிலப் பதில். லண்டன்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. “ஐ லிவ் இன் வேளச்சேரி”ன்னு சொல்ல வச்சே ஆகணும்னு பிடிவாதம் பிடிக்கறதைவிட, “அண்ட் யூ?”ன்னு திருப்பிக் கேட்கப் பழக்குங்க. பேச்சு பந்து மாதிரி திரும்பி வரும்.

மூணாவது, திருத்தற விதம். பிள்ளை “வாட் ஹி ஈட்டிங்?”னு கேட்டா நாம உடனே “வாட் இஸ் ஹி ஈட்டிங்?”னு சரியாச் சொல்லிட்டு நகர்ந்துடுவோம். ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் 1997-ல கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து எழுதினதுல, ஆசிரியர்கள் அதிகம் பண்றது இதைத்தான், ஆனா பிள்ளைகள் தானாத் திருத்திக்கறதுக்கு இது குறைவாத்தான் உதவுதுன்னு சொல்றாங்க. “உம்?”னு நிறுத்தி, “வாட்… ஹி?”ன்னு இடைவெளியைக் காட்டினா, ஏற்கெனவே பாதி தெரிஞ்ச பிள்ளை அந்த ‘இஸ்’ஸைத் தானே தேடிப் போடும். சுத்தமாத் தெரியாத விஷயம்னா நீங்களே சொல்லிடுங்க, பாவம், அதுல போய் புதிர் போட வேண்டாம். எல்லாத் தப்பையும் திருத்தாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு வகைத் தப்பு போதும்.

ஆப் வாங்கலாமா, ஏ.ஐ.கிட்ட பேச விடலாமான்னு கேட்பீங்க. படத்தைப் பார்த்து நாலு விடையில ஒண்ணைத் தொடற ஆப்புக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். அதுவும் பேனாவைத் தூக்கிக் காட்டற வாத்தியார்தான், கலர் மட்டும் அதிகம். ஆனா போன்ல இருக்கற குரல் உதவியாளர்கிட்ட பிள்ளையைக் கேட்க விடலாம், நீங்க பக்கத்துல இருக்கணும். போன வாரம் ஒருத்தன் “ஹவ் மெனி டீத் டஸ் எ ஷார்க் ஹேவ்?”னு மூணு தடவை கேட்டான். உச்சரிப்பு பிடிபடாம அது ஏதேதோ சொல்லிச்சு. நாலாவது தடவை நிறுத்தி நிதானமாக் கேட்டு வாங்கினான்.

இதுல மொழியே கை விரிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன், பசங்க கட்டாயம் கேட்பாங்க. “நீ உங்க வீட்டுல எத்தனையாவது குழந்தை?” இதை ஆங்கிலத்துல ஒரே வார்த்தை வச்சுக் கேட்க வழியே இல்லை. ‘எத்தனையாவது’க்கு அங்க சொல்லே கிடையாது. “ஆர் யூ தி ஃபர்ஸ்ட் சைல்ட் ஆர் தி செகண்ட்?”னு சுத்தி வளைச்சுத்தான் போகணும். இதைச் சொன்னதும் மாடியில ஒரே கொண்டாட்டம். இங்கிலீஷ்ல இல்லாதது தமிழ்ல இருக்குன்னா அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு அஞ்சாம் வகுப்புப் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, “அப்போ அவங்க வீட்டுல யாரும் அதைக் கேட்கவே மாட்டாங்களா, அண்ணா?”ன்னா. “இங்கிலீஷ்ல கேளு”ன்னேன். அதைத்தான் இப்ப கட்டிட்டு இருக்கா. ‘டோன்ட் தே’ வரைக்கும் வந்தாச்சு.

ரயில் ஆட்டத்தோட ரெண்டு தாளும் இந்தப் பக்கத்திலேயே இருக்கு, பிரின்ட் எடுத்துக்கோங்க. உங்க ஊர் பஸ் ரூட்டுக்கு மாத்திப் போட்டா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.